பாதி அரிசி உங்களுக்கு

அண்ணை,

கொண்டெய்னர் கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கின் முக்கல் மணம் முகத்தில் அடித்தது. கப்பலில் எங்கோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. நீங்கள் கண்மூடியபிறகு வந்த முதல் சரக்கு இது. இங்கே கோல்டிங் ஊரில், என் கடையின் பின்புறம், எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. பொங்கல் வருகிறது, கெட்ட அரிசியை யார் தலையில் கட்டுவது?

சில்க்போர்க் ஊரில் இருக்கும் உங்கள் கடைக்கும் எனக்கும் ஒரே கொண்டெய்னர் என்று தொடங்கியதே நீங்கள்தான். டிவியில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "அமெரிக்காவில அந்தக் காலத்துச் சின்ன ஊர்க் கடைக்காரர் ஒரு பாய்க்கப்பலிலதான் பங்கு போட்டுச் சாமான் ஏத்தினவை. நாங்களென்ன குறைஞ்சு போனமோ?" என்றீர்கள். சட்டமும் உங்களுடையதுதான்: "பிரிக்கிற ஆள் பிறகுதான் எடுக்கவேணும்." பிரிக்கும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டு, மூட்டை மூட்டையாகக் கையை விட்டுப் பார்ப்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்னில நம்பிக்கை இல்லையோ அண்ணை?"

"இருக்கிறபடியாத்தான் உமக்கு முன்னால நிண்டு பாக்கிறன்."

இப்போது பார்க்க ஆளில்லை. கடையை நடத்தும் உங்கள் மகள், "நீங்களே பிரிச்சு லொறியில விடுங்கோ, மாமா. ஓகேதானே?" என்று போனை வைத்துவிட்டாள். அவள் பங்கில் நனைந்ததெல்லாம் அடியில், காய்ந்தது மேலே. அப்படி அடுக்கி அனுப்பினால் அவளுக்கு என்ன தெரியப்போகிறது? கை அந்தப் பக்கம் போனதை உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது! உங்கள்மேல்தான் கோபம் வந்தது. என்னை இப்படித் தனியே விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் இங்கேயே இறக்கச் சொல்லி, லொறியை அனுப்பிவிட்டு, அவளை மறுபடி கூப்பிட்டேன். "வந்து எடுத்துக்கொண்டு போ, பிள்ளை. முதல்ல நீதான் எடுக்கவேணும்."

அவள் வந்து சேரும்வரை மூட்டைகளை இரண்டு அடுக்காக மாற்றி மாற்றி அடுக்கினேன். நனைந்ததிலும் பாதி, காய்ந்ததிலும் பாதி. வேலை கெட்ட எரிச்சலோடு வேனைவிட்டு இறங்கியவள், கோட்டின் கையை மடித்துவிட்டு ஒவ்வொரு மூட்டையாகக் கையை விட்டுப் பார்த்தாள். அப்படியே நீங்கள்.

"ரெண்டு பக்கமும் ஒண்டுதானே, மாமா. பிறகேன் என்னை இவ்வளவு தூரம் கூப்பிட்டனீங்கள்?"

"நீ பாப்பாய் எண்டபடியாத்தான் ஒண்டா வந்தது, பிள்ளை."

அவளுக்கு விளங்கியதோ தெரியாது. கிட்ட இருந்த அடுக்கை வேனில் ஏற்றினாள். அடுத்த கப்பலுக்கும் வரச் சொல்லியிருக்கிறேன்.