பத்தாவது சொல்

பள்ளி விடுதி, அலாஸ்கா

அன்புள்ள அப்பா, அம்மா,

நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறேன். நீங்கள் சிரிக்க வேண்டும், கவலைப்படக் கூடாது. இருவரும் நலம்தானே? அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

'வாசல்' என்பதற்கு நிகரான சொற்களைப் பொருளோடு எழுதிவரும்படி டீச்சர் சொன்னார். பெரிய அகராதி விடுதிக் காப்பாளர் மிசஸ் ஹாலண்ட் வீட்டில் இருக்கிறது. நம் ஊரில் செய்வதுபோலத் தட்டாமல் கதவைத் திறந்து, உள்ளே நின்று பூட்ஸில் இருந்த பனியைத் தொம்தொம்மென்று உதறினேன். அவர் துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

"யாருடி அது? கரடி புகுந்துடுச்சுன்னு பயந்துட்டேன்!"

"நீங்க உள்ளேருந்து 'வா'ன்னு கூப்பிடுவீங்கன்னு நின்னேன், மேடம்."

"கம்பளத்தை நனைச்சுட்டு, வரவேற்பு வேற வேணுமா உனக்கு?"

ஆனாலும் சிரித்துவிட்டு சூப் கொடுத்தார்.

வாயில், தலைவாசல், நுழைவழி என்று ஒன்பது சொற்கள் கிடைத்தன. எல்லாமே கடந்து போகும் இடங்கள். கோட்டுகளும் உறைந்த மான் இறைச்சியும் தொங்கும் நம் வீட்டுக் குளிர்ந்த முன்னறைக்கு அகராதியில் சொல் இல்லை. பத்தாவதாக நானே எழுதினேன்: "முன்னறை: காலை உதறினால் உள்ளேயிருந்து 'வா' என்று குரல் கேட்கும் இடம்." டீச்சர் அதைக் கோடிட்டு அடிக்கவில்லை.

அடுத்த தபால் விமானத்தில் கொஞ்சம் உலர்ந்த மீன் அனுப்புங்கள். லைலா அக்கா நம்மோடு தங்க வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். என் கட்டிலில் அவள் படுக்கட்டும். முன்னறையில் என் கோட்டு மாட்டும் ஆணியில் மட்டும் யாரும் எதையும் மாட்ட வேண்டாம்.

விளக்கை அணைக்கப் போகிறார்கள்.

எட்னா