இருபத்து மூன்று முறை

ஜூலை 8, திங்கள்

மதியம் என் பெஞ்சுக்கு ஒருத்தியும் வரவில்லை. எல்லோரும் ஸ்மார்ட் போர்டு முன்னால். ரஞ்சனி தன் அண்ணனின் டேப்லெட்டில் செய்த இதய வீடியோ ஓடுகிறது. துடிக்கிறது, சுற்றுகிறது, பாதியாகப் பிளந்து உள்ளே காட்டுகிறது.

பத்தாம் வகுப்பிலிருந்து பரீட்சைக்கு முன்னால் இவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நான். போன வருஷம் நாலு பெஞ்சை இதயத்தின் நாலு அறையாக்கி, அல்ஷிஃபாவை ரத்தமாக ஓடவிட்டேன். சிரித்துச் சிரித்தே படித்தார்கள். இன்று என் பக்கத்து இடத்துக்காரி அல்ஷிஃபாவும் அங்கேதான் நின்றாள்.

"தஸ்லிமா, நீயும் வந்து பாரேன்டி. நல்லா புரியுது" என்றாள்.

அப்ப நான் சொன்னது புரியலையாமா?

ஜூலை 9, செவ்வாய்

உயிரியல் எடுக்கும் சுஜா மிஸ் அதை வகுப்பு ஆப்பில் ஏற்றிவிட்டார். டெஸ்டுக்கு இதைப் பார்த்துப் படிக்க வேண்டுமாம். நான் பார்க்கப்போவதில்லை.

ஜூலை 10, புதன்

பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூலை 13, சனி

அத்தா கடைக்குப் போனதும் அம்மாவின் போனில் மறுபடி மறுபடி ஓட்டினேன். ஒரு குறைகூடவா இருக்காது? இருந்தது! நுரையீரல் தமனிக்குச் சிவப்பு அடித்திருக்கிறாள். மற்ற தமனிகள் சிவப்புதான். இது ஒன்று மட்டும் ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தைக் கொண்டுபோவதால் நீலம் அடிக்க வேண்டும். மிஸ்ஸும் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் அந்த இடத்தை மட்டும் இன்னும் எத்தனையோ தடவை பார்த்தேன்.

சொல்லலாமா? சொன்னால் திருத்திவிடுவாள். இன்னும் நன்றாகிவிடும். வேண்டாம்.

ஜூலை 17, புதன்

மொஹரம் லீவு. அல்ஷிஃபா போன் செய்தாள். நாளைக்கு டெஸ்ட் என்று பயம்.

"அந்த வீடியோவ மட்டும் பாத்தா போதும்ல?"

"போதும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்துவிட்டது — இல்லை, தெரிந்துதான் சொன்னேன்.

ஜூலை 18, வியாழன்

இதயம் வரைந்து வண்ணம் தீட்டச் சொல்லிக் கேள்வி. நான் நீலம் அடித்தேன். பக்கத்தில் அல்ஷிஃபா சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 22, திங்கள்

முப்பது பேருக்கு மேல் சிவப்பு. ஆளுக்கு இரண்டு மார்க் போயிற்று. அல்ஷிஃபா ஒரே ஒரு மார்க்கில் ஃபெயில். எனக்கு முழு மார்க்.

"நானும் சரியா பாக்காம விட்டுட்டேன், என் தப்புதான்" என்றார் மிஸ். அதோடு விட்டிருக்கலாம். "நீங்களாவது ஒழுங்கா பாத்தீங்களா?" என்று ஆப்பைப் போர்டில் திறந்தார். யார் எத்தனை தடவை பார்த்தார்கள் என்று அதில் கணக்கு இருக்கிறதாம். யா அல்லாஹ், எனக்குத் தெரியவே தெரியாது.

அல்ஷிஃபா ஒன்பது. ரஞ்சனி ஆறு. எல்லோருக்கும் மேலே, தஸ்லிமா இருபத்து மூன்று.

யாரோ சிரித்தார்கள். ரஞ்சனி திரும்பிப் பார்த்தாள். "இவ்ளோ தடவ பாத்தியா? உனக்குக்கூட தெரியலையா?" கோபமே இல்லாமல் கேட்டாள். கோபப்பட்டிருக்கலாம்.

அல்ஷிஃபா என் விடைத்தாளை இழுத்துப் பார்த்தாள். நீலம். "போதும்னு சொன்னியேடி" என்றாள்.

ஜூலை 23, செவ்வாய்

அல்ஷிஃபா ரஞ்சனி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஜூலை 26, வெள்ளி

பள்ளிக்குப் பக்கத்தில் பாலக்கரையிலேயே வீடு இருந்தும் ரஞ்சனியோடு பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். "தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்" என்றேன்.

"பதிமூணு நாள் மண்டைய ஒடச்சிக்கிட்டு செஞ்சேன் தஸ்லிமா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

ஸ்ரீரங்கம் பஸ் வந்தது. ஏறிவிட்டாள். வீட்டுக்கு வந்து அல்ஷிஃபாவுக்கு நாலு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ரஞ்சனியின் அடுத்த வீடியோ, சிறுநீரகம். காலையில் ஒரு தடவைதான் பார்த்தேன். வலது பக்கத்துச் சிறுநீரகம்தான் சற்றுக் கீழே இருக்கும். இடதைக் கீழே வைத்திருந்தாள். மெசேஜ் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதி அனுப்பிவிட்டேன். பத்து நிமிஷத்தில் திருத்திப் போட்டாள். "தேங்க்ஸ்" என்று மட்டும் பதில். இப்போது அதில் ஒரு குறையும் இல்லை. வயிறு எரியத்தான் செய்கிறது.

மதியம் போர்டு முன்னால் கடைசி வரிசையில் நானும் நின்றேன். அல்ஷிஃபா எனக்கு முன்னால் இருந்தாள். முடிந்ததும், "இத மட்டும் பாத்தா போதுமா?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"போதும்" என்றேன்.

அவள் ரஞ்சனி பக்கம் திரும்பி, "போதுமாடி?" என்று கேட்டாள்.