பெட்டியின் அடியில் மூன்று குழி

சித்திரை 18, செவ்வாய். திருச்செங்கோடு.
வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையிலிருந்து கண்ணாடிப் பொடி அரைத்தேன். தும்மினால் வண்ணமாக வரும். வெள்ளைக்காரத் துரைக்கு, ஊர் நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான மிட்டாதார் கொடுக்கப்போகும் வெள்ளிப் பெட்டி எங்கள் வீட்டில். மூடியில் அப்பாவின் மீனா வேலை: வெள்ளியில் குழி வெட்டி, வண்ணக் கண்ணாடிப் பொடி அப்பி, உலையில் உருக்குவது. மயில், தாமரை. பெட்டியின் அடி மட்டும் மொட்டை.

மிட்டாதாரின் காரியஸ்தர் வந்தார். மீசை முன்னால், அவர் பின்னால். சந்தையில் காங்கிரஸ் கொடி பிடித்தவர்களைப் போலீஸ் அடித்ததைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். என் சிநேகிதி நாச்சியின் அண்ணனுக்கு இன்னும் கை தூக்க வரவில்லை. காரியஸ்தருக்கு மோர் கொடுத்தேன், உப்பில்லாமல். வரி கட்டிய உப்பு, வீணாக்கலாமா?

20, வியாழன்.
அப்பா சங்ககிரிக்கு, கரி வாங்க. அம்மா தூக்கம். பெட்டியின் அடியில் கட்டைவிரல் அளவு அதே காங்கிரஸ் கொடி வெட்டினேன். மூன்று பட்டை. ஆழமாக.

வெள்ளையை முதலில் சுட்டேன், அதற்குச் சூடு அதிகம். பிறகு பச்சை. கடைசியில் சிவப்பு. அது செல்லப்பிள்ளை, சூடு கூடினால் முகம் கறுத்துவிடும். கொடியிலும் மேலிருந்து கீழே இதே வரிசை. கொடிக்கு வண்ணம் வைத்தவர் ஆசாரியோ?

சிவப்பு கறுக்கவில்லை!

22, சனி.
மாட்டிக்கொண்டேன். பெட்டி வாங்க வந்த காரியஸ்தர் கவிழ்த்துப் பார்த்துவிட்டார். யார் வேலை என்றார். அப்பா முகம் சாம்பல். "என்ற வேலை..." என்று தன் மேல் போட்டுக்கொண்டு அவர் இழுப்பதற்குள் முந்திக்கொண்டேன்.

"நான்தானுங்க."

"பொட்டப்புள்ளைக்கு உளி புடிக்கத் தெரியுமா? ஆரைக் காப்பாத்தறே?"

அதுதான் எரிந்தது. அவர் பார்க்கவே ஒரு செப்புத் துண்டில் மீசை வெட்டிக் காட்டினேன். நம்பினார்.

சுரண்டு, இல்லாவிட்டால் போலீஸ் என்று அப்பாவை மிரட்டினார். அப்பா சுரண்டினார். வண்ணம் போனது. மூன்று குழியும் அப்படியே. அதையும் தேய் என்றார் காரியஸ்தர்.

"தேச்சா ஓட்டை உழுந்துருமுங்க. தகடு மெலிசு" என்றார் அப்பா.

துரை நாளைக்கே வருகிறார். வேறு பெட்டிக்கு நேரமில்லை. காரியஸ்தர் அதையே பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

23, ஞாயிறு.
கோடைமழை, நாலு சொட்டு. இந்நேரம் பெட்டி துரை கையில். அடியில் விரல் படாமல் எப்படித் தூக்குவார்?

எனக்குத் தண்டனை: இனி உளி தொடக்கூடாது. அம்மா போட்ட சட்டம். அப்பா சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே கேட்டார்.

"ஏங்கண்ணு, அத்தனை ஆழமாவா வெட்டுவே?"

"அழியக் கூடாதுன்னுதானுங்கப்பா."

இன்னொரு கை சோறு வாங்கிக்கொண்டார்.

அம்மா உளியை அரிசிப்பானைக்குள் ஒளித்திருக்கிறாள். எடுத்தாயிற்று.