பத்து நிமிடப் பழி

மே 2, வெள்ளி
நாளைக் காலை 6.40 ரயில். நான்கு வருஷம் கழித்து நாங்கள் நாலு பேரும் சேர்ந்து போகிற பயணம். தம்பி குடும்பம் கடலோரத்தில் வாடகை வீடு எடுத்து இன்றே போய்விட்டது. போன தடவை மாதிரி அலறல், அழுகை எதுவும் கூடாதென்று ஒரு மாதமாகத் திட்டம் போட்டிருக்கிறேன். ஆளுக்கு ஒரு பை, ஒவ்வொரு பையிலும் என்ன இருக்கிறதென்று ஒரு சீட்டு. 5.45க்கு ஆட்டோ. அவர் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "நம்ம கல்யாணத்துக்கே நீ இவ்ளோ எழுதல" என்றார். எனக்குச் சிரிக்க நேரமில்லை.

மே 3, சனி
ரயிலை விட்டுவிட்டோம்.

ஆட்டோ வாசலில் நிற்கும்போது, தண்ணி மோட்டாரை அணைத்தோமா என்று அவருக்குச் சந்தேகம். பூட்டைத் திறந்து உள்ளே போய்விட்டார். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். ஸ்டேஷனுக்குள் ஓடும்போது மணி 6.45. தண்டவாளம் காலி.

அங்கேயே அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "உங்கள கூட்டிட்டு வர்றதுக்குப் பதிலா இன்னொரு மூட்டையத் தூக்கிட்டு வந்திருக்கலாம். மூட்டையாவது திரும்பி வீட்டுக்குள்ள போகாது." பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். சின்னவன் அழுதான். பெரியவள், பதிமூன்று வயசு, அப்பாவை விட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டாள். "தப்புதான்" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். பஸ் விசாரிக்கப் போனார்.

தம்பிக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். வியாழக்கிழமை ரயில்வேயிலிருந்து வந்த ஒரு செய்தி, திறக்காமலே கிடந்தது. பாதை வேலை காரணமாக சனிக்கிழமை மட்டும் ரயில் 6 மணிக்கே புறப்படும்.

6 மணி. அவர் உள்ளே போகாமல் இருந்திருந்தாலும் 6.20க்குத்தான் வந்து சேர்ந்திருப்போம்.

அவர் திரும்பி வந்தார். "எட்டு மணிக்கு ஒரு பஸ் இருக்காம். மூணு சீட்டுதான் காலியாம். நீங்க உக்காருங்க, நான் நின்னுக்கறேன்."

நான் போனைப் பைக்குள் போட்டேன்.

ஏழு மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மே 4, ஞாயிறு
சாப்பிடும்போது தம்பி ஆரம்பித்தான். "அத்தான், இனிமே உங்களுக்கு மட்டும் ஒரு நாள் முன்னாடி நேரம் சொல்லணும்போல." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும்.

நான் எதுக்குச் சிரிச்சேன்? யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லலையே.

மே 5, திங்கள்
அந்தச் செய்தியை அழித்துவிட்டேன்.

மே 14, புதன்
பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் எனக்கு இது ஒன்பதாவது வருஷம். நாளை வரவேண்டியவர்களுக்கு இன்றே செய்தி அனுப்புவது என் வேலை. இன்று ஒரு பெரியவர் தாமதமாக வந்து, "மெசேஜ் பாக்கலம்மா" என்றார். "அனுப்பினா படிக்க மாட்டீங்களா?" என்று வழக்கம்போல் கேட்கப் போனேன். வாயில் வரவில்லை. "பரவால்ல, உக்காருங்க" என்றேன். டாக்டர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

ஜூன் 29, ஞாயிறு
இன்று சொல்லிவிடலாமென்று டீ போட்டுக் கொண்டுபோனேன். "என்ன?" என்றார். "சர்க்கரை போதுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்
பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். "நீ மட்டும் வா. அப்பா வந்தா லேட்டாகும்" என்றாள் பெரியவள். அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவர். ஒரு முடியளவு பிசகினாலும் மறுபடி உட்காருவார். அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் இவரைப் பிடித்தது. இப்போது என் பிள்ளைகளுக்கு அது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. ஆக்கினது யார்?

டிசம்பர் 6, சனி
லீவுக்கு மறுபடி அதே வீட்டைத் தம்பி எடுத்திருக்கிறான். டிக்கெட் போட உட்கார்ந்தேன்.

"மூணு பேருக்கு மட்டும் போடு" என்றார்.

"ஏன், கடையில லீவு தரலையா?"

"லீவெல்லாம் இருக்கு. நான் வந்தா எல்லாருக்கும் டென்ஷன். நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பயணத்தில் எதைக் குறைத்தால் நிம்மதி என்று யோசித்து, தன்னையே குறைத்துக்கொண்டுவிட்டார் மனுஷன்.

டிசம்பர் 7, ஞாயிறு
சொல்லிவிட்டேன். பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். செய்தி வந்தது, பார்க்காமல் விட்டது, பிளாட்பாரத்தில் பார்த்தது, அழித்தது, எல்லாம்.

அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அந்த பஸ்ஸுல ஏறும்போதே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் நின்னுட்டு வந்தப்போ?"

"...ம்."

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"எங்கிட்ட சொல்லிட்ட, சரி. என்னைப் பாத்து யாரும் தள்ளி நிக்கல, எம் பொண்ணுதான் நின்னா. அவகிட்ட சொல்லு."

டிசம்பர் 8, திங்கள்
அவரிடம் சொன்னதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இல்லை. பிள்ளைகள் முகத்தைப் பார்த்து, 'அம்மா பொய் சொன்னேன்' என்கிற மூணு வார்த்தைக்கு நாக்கு அவ்வளவு கனத்தது. சின்னவன், "அப்போ அப்பா லேட் இல்லையா?" என்று மட்டும் கேட்டான். பெரியவள் எழுந்து அவர் இருந்த அறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

தம்பிக்குப் போன் போட்டேன். ஜோக் அடிப்பான் என்று பார்த்தேன். "என்னக்கா இது" என்றான். பிறகு, "அத்தான்கிட்ட போனைக் குடு."

டிசம்பர் 13, சனி
பெரியவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. கேட்டால் பதில், அவ்வளவுதான். அவள் இடத்தில் நானாக இருந்தால் அதுவும் சொல்லமாட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு
டிக்கெட் அவரே போட்டார். நாலு.

டிசம்பர் 20, சனி
ரயிலில் எழுதுகிறேன். காலையில் பூட்டிய பிறகு, ஜன்னலைச் சாத்தினேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கேட்க வெட்கமாக இருந்தது. முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்போல. "போய்ப் பாத்துட்டு வா, நேரம் இருக்கு" என்று சாவியை நீட்டினார். போனேன். சாத்தித்தான் இருந்தது. திரும்பி வந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பைகளை ஏற்றிவிட்டு மூன்று பேரும் ஆட்டோவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்கு எதிரே, அவர் தோளில் சாய்ந்து பெரியவள் தூங்குகிறாள். நடுவில் ஒரு தடவை கண் விழித்து, "அம்மா, தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. கொடுத்தேன்.