வாசிக்காமல் போட்ட கையெழுத்து

நேற்று மத்தியானம் உன் மகள் உன் பீடித்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டை ஒதுங்கவைக்கும்போது பரணில் கிடந்ததாம். "நீங்களே வச்சுக்கிடுங்க பெரியம்மா, எனக்குப் பீடி சுத்தத் தெரியாதுல்லா" என்றாள். சுற்றியிருந்த துணியை விலக்கியதும் புகையிலைத் தூளின் நெடி மூக்கில் ஏறியது. அவள் போனபின், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் மடியிலேயே வைத்திருந்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பதினைந்து வருஷம் நாம் இருவரும் நம் சபைக் கோயில் வேப்பமரத்தடியில் எதிரெதிரே உட்கார்ந்து பீடி சுற்றினோம். கை இலையை உருட்டும். வாய், ஞாயிறு பள்ளியில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய வேதப் பாடத்தைப் பேசும். ஒரு வாரம், ஏழையின் திராட்சத் தோட்டத்துக்கு ஆசைப்பட்ட ராஜாவின் கதை பாடமாக வந்தது. ராணி ஊர் மூப்பர்களுக்குக் கடிதம் எழுதுகிறாள். அவர்கள் பொய்ச்சாட்சி இருவரை உட்காரவைத்து, தோட்டக்காரனைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு ராஜாவும் ராணியும்தான் கெட்டவர்கள். உனக்கு அப்படித் தோன்றவில்லை. நூலை அறுத்துவிட்டுச் சொன்னாய்:

"ராசா ஆசைப்பட்டான், சரி. இந்த மூப்பம்மாருக்கு என்னட்டி வந்துச்சு? கடுதாசி வந்தா உடனே செஞ்சிருவாவளா? ஒருத்தன் முடியாதுன்னு சொல்லியிருந்தா அந்த மனுசன் பொழச்சிருப்பாம்லா."

ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனபோது உன்னை நிற்கச் சொன்னதே நான்தான். உனக்காகத் தெருத் தெருவாக நடந்தேன். "நாதியத்தவுக வழக்கத்தான் மொதல்ல கேப்பேன்" என்று நீ சொன்னதை வீட்டுக்கு வீடு நின்று சொன்னேன். நீ ஜெயித்த வாரம் ஆராதனையில் போதகர் உன் பெயரைச் சொல்லி, ஆளுகிறவர்கள் நீதியும் நியாயமும் செய்ய வேண்டும் என்று ஜெபித்தார். பெண்கள் பக்கத்தில் என் ஆமென்தான் பலமாகக் கேட்டது.

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம் நீ ஒரு தாளோடு வந்தாய். தெற்குத் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி கேட்டு மனு என்றாய். என் கையெல்லாம் தூள். சேலையில் துடைத்துவிட்டு, நீ விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வாசிக்கவில்லை. நீ கொண்டுவந்த தாளை நான் எதற்கு வாசிக்க வேண்டும்?

இரண்டு மாதம் கழித்து, ஆற்றங்கரையில் பேச்சியம்மாளின் வாழைத் தோட்டத்துக்குள் பொக்லைன் இறங்கியது. மணல் லாரி ஆற்றுக்குள் போகப் பாதை வேண்டுமாம். குலை தள்ளிய வாழைகள் பாதித் தோட்டத்துக்குச் சாய்ந்து கிடந்தன. புருஷன் இறந்தபின் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றத் தெரியாமல் இருந்தவள் அவள். அந்தத் தோட்டத்தின் நடுவே காலங்காலமாக வண்டிப்பாதை உண்டு என்று ஊராட்சி தீர்மானம் போட்டிருந்தது. ஊர்க்காரர் இருவர் அதற்குச் சாட்சி. தீர்மானத்தின் நகலை வாங்கிக்கொண்டு பேச்சியம்மாள் என் வாசலில் வந்து நின்றாள். திட்டவில்லை.

"இதுல உன் பேரு இருக்குன்னு சொல்லுதாவளே தாயி, நெசமா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கே ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தேன்.

"ஏட்டி, என்னப் பொய்ச்சாட்சி ஆக்கிட்டியே."

நீ ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சத்தம் போடாத. மேல இருந்து சொல்லுதாவ. நான் போடலன்னா வேற ஒருத்தி போடுவா. அவுக மனசு வச்சாத்தான் நமக்குத் தொட்டி வரும்."

"அந்த மூப்பம்மாரும் இதத்தான சொல்லியிருப்பாவ?"

"அது வேதத்துல உள்ளது. இது பஞ்சாயத்து."

நீ அதிகாரத்துக்குப் பயந்தாய் என்றால்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன். ஆனால் சாட்சிக்கு ஊரில் எத்தனையோ பேர் இருக்க, என்னைத் தேடி வந்தாயே. நான் வாசிக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். என் நம்பிக்கை உனக்கு அதற்குத்தான் உதவியது.

பேச்சியம்மாள் முறையிட்டு நடந்த கோட்டாட்சியர் விசாரணையில் உள்ளதைச் சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். தீர்மானம் ரத்தானது, லாரி நின்றது. ஆனால் லாரி ஓடிய மண் இறுகிப்போய்விட்டது. அந்தப் பாதியில் பேச்சியம்மாளால் இன்றுவரை ஒரு கன்று நட முடியவில்லை. சபையிலோ, கூடப் பிறந்தவள்போல இருந்துவிட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று என்னைத்தான் சொன்னார்கள். நீ ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

நீ பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாய். "வேப்பமரத்தடியில இருந்தமே, அதுதாம்ட்டி நல்ல காலம்" என்றாய். அடுத்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். நீ தண்ணீர் கேட்டாய். கொடுத்தேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

போன மாதம் பேச்சியம்மாள் பட்டா மாற்றும் மனுவோடு வந்தாள். சாட்சிக் கையெழுத்துக்கு அவள் தேடி வந்ததும் என்னைத்தான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரையும் ஏமாற்றவும் தெரியாது. ஆனாலும் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தேன். திருப்பி இன்னொரு தடவை வாசித்தேன். அவள் உச்சி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கண் மட்டும் தாளைவிட்டு வரவில்லை.

"பைய வாசி தாயி, அவசரமில்ல" என்றாள் அவள்.