டாக்டர் வேண்டாம் என்ற பால்

ஆகஸ்ட் 8

மேல்காற்று நிற்கவே இல்லை. கொடியில் போட்ட வேட்டி காய்வதற்குள் துறைமுகத்து லாரித் தூசி முழுவதும் அதில் ஏறிவிடுகிறது. இவர் காலையில் இரண்டு முறை காபி குடித்தார். இரண்டாவதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். துறைமுக அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தும் சர்க்கரை டப்பாவை மூடிவைக்கத் தெரியவில்லை.

பால் ஊற்றும் செல்வி இன்று தாமதம். பதினான்கு வருஷமாக ஆறேகாலுக்கு ஒலிக்கும் அந்த ஸ்கூட்டர் ஹார்ன் இன்று ஏழு மணிக்குத்தான் கேட்டது. முகம் சரியில்லை. "செவலைக்கு மேலெல்லாம் தடிப்புத் தடிப்பா இருக்கு டீச்சர். கொசுக்கடின்னு நெனச்சேன். இன்னைக்குப் புல்லே தொடல" என்றாள். உடனே கால்நடை டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன்.

பாவம், தெருக்கோடியில் அந்தப் பன்னிரண்டு மாட்டையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறாள். புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் எட்டு மாதம் கடலில்.

ஆகஸ்ட் 10

தோல் கழலை நோயாம். புதிதாக வந்திருக்கும் டாக்டர் ஜெமி பார்த்துச் சொல்லியிருக்கிறாள். மாட்டுக்கு மாடு ஈயும் கொசுவும் பரப்பும். மனிதர்களுக்கு வராது. மற்ற மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு, செவலையைத் தனியே கட்டச் சொல்லிவிட்டாள்.

செல்வி என்ன செய்தாள் தெரியுமா? வீடு வீடாக நின்று அவளே சொன்னாள். "ஒரு மாட்டுக்கு நோவு. அது பாலை நான் ஊத்தல. மத்தது நல்லா இருக்கு. நல்லாக் காய்ச்சிக் குடிங்க. மறைச்சு விக்கது பாவம்லா."

வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தத் தெருவுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. அவளுடைய நேர்மையை வாசலில் நின்று பத்து நிமிஷம் புகழ்ந்தேன்.

ஆகஸ்ட் 11

தெரு வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு ஆராய்ச்சி. காய்ச்சினாலும் கிருமி சாகாதாம். ஏதோ ஒரு ஊரில், பெயர் போடவில்லை, பால் குடித்தவருக்கு முதுகில் தடிப்பு வந்ததாம். அவர் முதுகின் படம் வேறு. அது வேர்க்குரு. முப்பத்தொரு வருஷம் அறிவியல் டீச்சராக இருந்தவளுக்கு வேர்க்குரு தெரியாதா?

எல்லாவற்றையும் விளக்கி நீளமாக ஒரு பதில் எழுதினேன். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. அனுப்பவில்லை.

பெங்களூரிலிருந்து பத்மஸ்ரீ போனில் கத்தினாள். "அம்மா, உனக்கு வயசு அறுபத்தாறு. ரிஸ்க் எடுக்காதே. நிறுத்து." மனிதர்களுக்கு வராதுடி என்றேன். "இன்னிக்கு வராது. நாளைக்கு?" என்றாள். அதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் பதில் இல்லை. பால் குண்டானைப் பார்த்தேன். ஆடை கட்டியிருந்தது. ஆடையில் சின்னச் சின்னப் புடைப்பு. எப்போதும் இருப்பதுதானே?

ஆகஸ்ட் 12

இன்று பொய் சொன்னேன்.

எனக்குக் கொலஸ்ட்ரால் ஏறிவிட்டது, டாக்டர் பாலே கூடாது என்கிறார் என்றேன். செல்வியின் முகம் சுருங்கிவிட்டது, பால் போச்சே என்று அல்ல, எனக்காக. "சாருக்குமா?" என்றாள். "அவருக்கும்தான்" என்றேன். உள்ளேயிருந்து இவர் இருமினார்.

அவள் போனதும் இவர் கேட்டார்: "மரகதம், நீ சயன்ஸ் டீச்சர்தானே?"

ஆமாம் என்றேன்.

"ஒண்ணுமில்லே, கேட்டேன்."

ஆகஸ்ட் 13

பாக்கெட் பால் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போக முடியுமா? மூன்று தெரு தள்ளிப் போனேன், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு. கடை வாசலில் எங்கள் தெருவே நின்றது. எல்லோர் கையிலும் துணிப்பை. குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போவதாகச் செல்வியிடம் சொல்லியிருந்த பேச்சித்தாய் என்னைப் பார்த்து, "கொத்தமல்லி வாங்க வந்தேன்" என்றாள். நானும் கொத்தமல்லிக்குத்தான் வந்தேன் என்றேன். அந்தக் கடையில் கொத்தமல்லி விற்பதே இல்லை. தெருச் சங்கச் செயலாளர் தேவமணி அண்ணாச்சி வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று யாரையோ கேட்டார். ஆகஸ்டில், தூத்துக்குடியில்!

ஆகஸ்ட் 15

செல்வி பண்ணை வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறாள். தடிப்பைப் பார்த்த பழைய ஆட்கள் அம்மை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடக்கிறார்கள். செவலைக்கு ஒரே நாளில் பூஜையும் கிடைக்கிறது, தீண்டாமையும் கிடைக்கிறது.

செல்வி வந்தாள். மாட்டுக்கு மருந்து அரைக்கத் துளசி கேட்டாள். அவள் கேட்டதற்கு மேல் பறித்துக் கொடுத்தேன், பாதிச் செடி மொட்டை. கிளம்பும்போது ஒரு பையை நீட்டினாள். முருங்கைக்கீரையும் வெந்தயப் பொடியும். "கொழுப்புக்கு நல்லது டீச்சர். மாத்திரைய மட்டும் மறந்துராதிய."

கீரையைச் சமைத்தேன். முழுவதையும் இவர் தட்டிலேயே வைத்தேன்.

ஆகஸ்ட் 17

பாக்கெட் பால் காபியைக் குடித்துவிட்டு இவர் "ம்" என்றார். முப்பத்தொன்பது வருஷத்தில் என் சமையலைப் பற்றி இவர் சொன்ன மிகக் கடுமையான வார்த்தை.

ஆகஸ்ட் 19

முப்பத்தொரு வீட்டில் இப்போது நான்குதான் பால் வாங்குகிறதாம். கன்றுகள் குடித்தது போக மீதியைத் தென்னைக்கு ஊற்றுகிறாள். செல்வி இதை அழாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"செவலை தேறட்டும். மாட்டைக் கொண்டுபோகலாம்னு டாக்டரம்மா சொன்ன உடனே எல்லாத்தையும் ஸ்ரீவைகுண்டத்துல தம்பிகிட்ட வித்துரப் போறேன். அவுஹளும் கப்பல்ல இருந்து அதையேதான் சொல்லுதாவ. வாங்க ஆளில்லாம கறந்து என்ன செய்ய?"

அப்புறம் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"ஏதாவது துணிக்கடையில நிக்க வேண்டியதுதான்."

நான் குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது ஒரு மாதம் எனக்குத் தலை பின்னிவிட்டவள் இவள். அவளைத் துணிக்கடைக்கு அனுப்புவது யார்? வேர்க்குரு படம் போட்டவனா? அவன் முட்டாள். எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் சொல்லலையே நான்!

ஆகஸ்ட் 21

தேவமணி அண்ணாச்சி வந்தார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் டாக்டர் ஜெமி பேசப் போகிறாளாம். "சின்னப் பிள்ளைல்லா, நம்ம ஆளுக கேக்க மாட்டாங்க. நீங்க பேசுனா தெருவே கேக்கும் டீச்சர். பயமே வேண்டாம்னு அடிச்சுச் சொல்லணும்." அவருக்குக் காபி கொடுத்தேன். என்ன பால் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சரி என்று தலையாட்டிவிட்டேன். வேறு என்ன செய்ய?

ஆகஸ்ட் 27

முழுவதும் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கே எனக்குச் சாதகமாக மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

கூட்டம் நிரம்பியிருந்தது. செல்வி பெரிய கேனில் பால் காய்ச்சிக் கொண்டுவந்து, பேச்சு முடிந்ததும் யாராவது குடிப்பார்கள் என்று முன்வரிசையில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெமி பேசினாள். நான் பேசினேன். நன்றாகவே பேசினேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? வைரஸ் என்றால் என்ன, ஒரு பிராணியின் நோய் ஏன் எல்லாப் பிராணிக்கும் வராது, காய்ச்சுவது எதற்கு. கரும்பலகையில் மாடும் கொசுவும் வரைந்தேன். கைதட்டினார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "எல்லாம் சரி டீச்சர். நீங்க இப்போ எந்தப் பால் குடிக்கிய?"

நான் வாயைத் திறக்கும் முன்னே செல்வி எழுந்துவிட்டாள். "டீச்சர்ட்ட அதக் கேக்காதிய. அவங்களுக்கு உடம்பு சரியில்ல. டாக்டர் பாலே கூடாதுன்னுட்டாரு. இல்லன்னா என் பாலை விட்டுருப்பாங்களா?"

கூட்டம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. ஜெமிகூட. அப்படியே உட்கார்ந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. செல்வி என் பக்கம் திரும்பி, பயப்படாதீர்கள் என்பதுபோல் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால தாங்க முடியல.

"கொலஸ்ட்ரால் இல்லை. டாக்டரும் சொல்லவில்லை. பயந்துவிட்டேன். பதினாறு நாளாகப் பாக்கெட் பால் குடிக்கிறேன். இங்கே சொன்னதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றேன்.

பிறகு தேவமணி அண்ணாச்சி கனைத்தார். "எங்க வீட்டுல ஆளில்லன்னு நானும் பொய்தான் சொன்னேன். நாங்க ஏழு பேரும் வீட்டுலதான் இருக்கோம்." பேச்சித்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "நான் வேளாங்கண்ணிக்கே போகல" என்றாள். அதற்குப் பிறகு ஒரே சிரிப்பு. ஆளாளுக்கு எழுந்து தன் பொய்யைச் சொன்னார்கள். யாருடைய பொய் பெரியது என்று போட்டியே நடந்தது. கடைசியில் எல்லோரும் டம்ளரோடு வரிசையில் நின்றார்கள். தெருவுக்கே பயம் தெளிந்துவிட்டது.

நானும் நின்றேன். செல்வி எல்லோருக்கும் ஊற்றினாள், சிரித்தாள், பதில் சொன்னாள். என் முறை வந்தது. டம்ளரை நீட்டினேன். கேனை மூடினாள்.

"உங்களுக்குத்தான் டாக்டர் வேண்டாம்னுட்டாரே டீச்சர்."

ஆகஸ்ட் 30

ஆறேகாலுக்கு ஹார்ன். பக்கத்து வீட்டில் நின்றது. எதிர்வீட்டில் நின்றது. எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. இவர் வாசலில் சொம்போடு நின்றிருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.

செப்டம்பர் 2

பண்ணைக்குப் போனேன். செவலையின் தடிப்பெல்லாம் அமுங்கிவிட்டது. புல்லை இழுத்துத் தின்கிறது. மாடுகளை விற்கும் பேச்சு நின்றுவிட்டதாம். இருபத்தாறு வீடு திரும்பிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது, என் விஷயம் தவிர.

"வாங்க டீச்சர்" என்று நாற்காலி போட்டாள். அதைத் துடைத்தும் விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மன்னிப்புக் கேட்டேன். எல்லோரும்தானே பொய் சொன்னார்கள், அவர்களுக்கெல்லாம் ஊற்றுகிறாயே என்றும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவங்க சொன்னது பொய்னு எனக்கு அப்பமே தெரியும். வேளாங்கண்ணிக்குப் போனவங்க வீட்டுல குக்கர் விசில் கேக்குமா? உங்க பொய்ய மட்டுந்தான் நான் நம்புனேன். உங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு ரெண்டு செவ்வாய்க்கிழமை வெளக்குப் போட்டேன் டீச்சர். எனக்கு மாடு செத்துக்கிட்டு இருந்துச்சு. உங்களுக்குத்தான் வெளக்குப் போட்டேன்."

நான் எப்படி வீட்டுக்கு நடந்து வந்தேன் என்று தெரியவில்லை. அறுபத்தாறு வயசுல தெருவுல அழுதுக்கிட்டே வந்தேன். நாலு பேர் பார்த்தாங்க. பார்க்கட்டும்.

செப்டம்பர் 7

கிருஷ்ண ஜெயந்தி. மாவுக்கோலத்தில் வாசலிலிருந்து பெருமாள் அலமாரி வரை சின்னப் பாதங்கள் வைத்தேன். பாக்கெட் பாலில் திரட்டுப்பால் கிண்டினேன், திரளவே இல்லை. தெருவில் பதினைந்து வீட்டுக் கண்ணனுக்குச் செல்வியின் பால். எங்கள் வீட்டுக் கண்ணனுக்கு மட்டும் இது. நைவேத்யம் ஆனதும் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு இவர் சொன்னார்: "நம்மாத்துக் கண்ணன் இந்த வருஷம் பக்கத்தாத்துக்குத்தான் திருடப் போவான்."

சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாளில் முதல் முறை.

செப்டம்பர் 12

பத்து மணி இருக்கும். ஹார்ன் இல்லை, கதவைத் தட்டும் சத்தம். செல்வி. கையில் கேன் இல்லை. செவலை நேற்று மறுபடி கறவைக்கு வந்துவிட்டது, டாக்டரம்மா இனி ஊற்றலாம் என்றுவிட்டாள் என்றாள். நல்லது என்றேன். போவாள் என்று பார்த்தேன். உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு காபி போடுங்க."

பதினான்கு வருஷத்தில் அவள் காபி கேட்டதே இல்லை. இவர் சமையலறைக்கே வந்து, "டிகாக்‌ஷன் கொஞ்சம் கூட விடு, பால் தெரியாது" என்று கிசுகிசுத்தார். பாக்கெட்டை வெட்டும் சத்தம் கூடத்துக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் வெட்டினேன்.

ஒரு வாய் குடித்தாள். டம்ளருக்குள் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்தத் தண்ணிக்காவா டீச்சர் என்னைய விட்டிய?"

ஆமாம், இதற்காகத்தான். அவள் முழுவதையும் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 13

ஆறேகாலுக்கு ஹார்ன் எங்கள் வாசலில் நின்றது. ஒரு லிட்டர் சொம்பில் அரை லிட்டர்தான் ஊற்றினாள். மீதிக்கு டாக்டர் சீட்டு வேண்டுமாம்.