கண்ணை மூடிக்கொண்டு சொன்ன ஆமென்

மார்ச் 4, புதன்

இன்று நான் சொல்லாதது: "அத்தை, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல." வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். சொன்னது ஒரே ஒரு சொல். எல்லோரோடும் சேர்ந்து, "ஆமென்."

பெண்கள் ஜெபக்கூட்டம். நடத்தியது மைக் அத்தை. பேட்டரி தீர்ந்தால்தான் அவர் கையிலிருந்து மைக் இறங்கும் என்று அம்மாவே சிரிப்பாள். பாட்டு முடிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நம்ம ஞாயிறு பள்ளி டீச்சரைப் பத்தி எனக்கு ஒரு பாரம். குறை சொல்றதுக்காகச் சொல்லல, ஜெபத்துக்காகச் சொல்றேன். யாரோ ஒரு ஆளோட அடிக்கடி கார்ல போறாங்களாம். கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினதைப் பார்த்தவங்க இருக்காங்க. புருஷன் விட்டுட்டுப் போனவங்க, பாவம். கர்த்தர்தான் தூக்கி எடுக்கணும்."

கண்களை மூடிக்கொண்டோம். உருக்கமாகத்தான் ஜெபித்தார். சிலர் அழுதார்கள்.

அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

பிசியோதெரபி கிளினிக்கின் வரவேற்பு மேசை என்னுடையது. பேர் கூப்பிடுவது, அடுத்த தேதி கொடுப்பது, போன் எடுப்பது. நோயாளியைப் பற்றி வெளியில் வாய் திறக்கக் கூடாது என்பதும் வேலையில் சேர்த்திதான்.

இன்றும் டீச்சர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. கையைப் பிடிக்காமல் காரிலிருந்து எப்படி இறங்குவார்?

முதல் முறை வந்தபோதே டீச்சர் என் மேசையருகே குனிந்து சொல்லியிருந்தார்: "என்னை விட்டுட்டுப் போனவர்தான்மா. இப்ப கூட இருக்க அவருக்கு யாரும் இல்ல. சபையில தெரிய வேண்டாம். கட்டிலைச் சுத்தி நின்னு மனந்திரும்பச் சொல்வாங்க. மனுஷன் வெட்கத்துலயே செத்துருவார்."

நேற்றே எனக்கு இது எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே ஆமென் சொன்னேன்.

ஏன்? பயமா? பயம்கூட இல்லை. பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். என் வாயும் சொல்லிவிட்டது. அவ்வளவுதான். அவ்வளவுதான் என்பதுதான் உறுத்துகிறது.

மார்ச் 6, வெள்ளி

சாப்பிடும் முன் அம்மா ஜெபித்தாள். முடிவில் எனக்கு ஆமென் வரவில்லை. இருமிச் சமாளித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனைக்கு முன் பிள்ளைகள் வழக்கம்போல் டீச்சர் மேல் போய் விழுந்தார்கள். இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளை மட்டும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். புதன்கிழமை காரில் இருந்த மனிதர், இன்று பேச்சில், டீச்சர் வீட்டிலேயே குடியேறிவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் யாரும் பொய் சொல்லவில்லை. பார்த்தவர் பார்த்ததைச் சொன்னார். கேட்டவர் கவலைப்பட்டார். கவலைப்பட்டவர் ஜெபித்தார். பிறகு பொய் எந்த வழியாக உள்ளே வந்தது? எங்கள் ஆமென் வழியாகத்தான் என்று படுகிறது. தெருவில் கேட்ட வம்பென்றால் நாலு பேராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். ஜெபமாக வந்ததை யார் சந்தேகப்படுவது?

இன்று எல்லோரும் சேர்ந்து பாடியபோது எனக்கு எப்போதும்போல் உடம்பு சிலிர்த்தது. சபை வேறு, கும்பல் வேறு என்று நினைத்திருந்தேன். அதே பெஞ்சுகள், அதே ஆட்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின், டீச்சரின் வகுப்பைப் பற்றிச் சபைக் கூட்டம். "பேச்சு அடங்கணும், அதான்" என்றார் பாஸ்டர். நல்ல மனிதர். களைத்துப்போயிருக்கிறார்.

மார்ச் 10, செவ்வாய்

கிளினிக்கில் அவர் கண்ணாடி முன் கம்பியைப் பிடித்து நின்று பழகிக்கொண்டிருந்தபோது டீச்சரிடம் போய்க் கேட்டேன். "நான் சொல்லட்டுமா? ஒரே ஒரு வார்த்தை. பாஸ்டர்கிட்ட மட்டும்."

"சொன்னா எனக்கு வகுப்பு மிஞ்சும். அவருக்கு என்னம்மா மிஞ்சும்?"

"நீங்க அவருக்கு இவ்வளவு செய்யணுமா டீச்சர்?"

"அதை நான் கர்த்தர்கிட்டயே நிறைய தடவை சண்டை போட்டுக் கேட்டுட்டேன். நீ வேற கேக்காத." சிரித்தார்.

கர்த்தரைச் சிலுவையில் அறையும்படி கத்திய கூட்டத்தை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவர்களில் பாதிப் பேருக்கு அவர்மேல் ஒரு கோபமும் இருந்திருக்காது. பக்கத்தில் இருப்பவர் கத்தினார், கத்தினார்கள். மறுநாள் காலையில் தொண்டை கட்டியிருக்கும். எதற்குக் கத்தினோம் என்று யாராவது ஒருத்தி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டே யோசித்திருப்பாள்.

நான் அந்த ஒருத்தி. கொப்பளித்தால் போகாது.

மார்ச் 15, ஞாயிறு

டீச்சர் வரவில்லை.

"வகுப்புக்கு வேற ஒருத்தரைப் போடலாம்னு அபிப்பிராயம் வந்திருக்கு. சம்மதிக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்றார் பாஸ்டர்.

முதலில் முன்வரிசை. உட்கார்ந்தபடியே பார்த்ததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது: ஒவ்வொருவரும் எழுவதற்கு முன் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தார்கள். இவர் அவரைப் பார்த்து, அவர் இவரைப் பார்த்து. மேலே பார்த்தவர் யாரும் என் கண்ணில் படவில்லை.

அம்மா எழுந்தாள். என் முழங்கையில் கிள்ளினாள். "எழுந்திருடி. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்மா."

"மானம் போகுது!"

மைக் அத்தை திரும்பிக் கேட்டார். "ஏம்மா, கால் வலியா?"

"இல்ல அத்தை." மடையைத் திறந்துவிட்டால் நிற்குமா? "டீச்சர்கிட்ட யாருமே ஒரு வார்த்தை கேக்கலயே. கேக்காமலே எப்படி எழுந்திருக்கிறது? போன புதன்கிழமைக்கு முந்தினது, நானும் ஆமென் சொன்னேன். அது தப்பு. அதை நான் திரும்ப எடுத்துக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். ஆமென்னைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக யாரும் சொல்லி அவர்கள் கேட்டதில்லை போல. நானும் கேட்டதில்லை.

பாஸ்டர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "பெரும்பாலானவங்க சம்மதம்" என்றார். முடிந்தது.

வீடு வரைக்கும் அம்மா எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். நான் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 18, புதன்

நான் ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. அம்மா போய்விட்டு வந்து, பையைக்கூட வைக்காமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"இன்னைக்கு உனக்காக ஜெபிச்சாங்க."

"என்னன்னு?"

"நம்ம நடுவுல ஒரு வாலிபப் பொண்ணு பெருமையில விழுந்துட்டா, அவளை உடைச்சு உருவாக்கும்னு. பேர் சொல்லல. பேர் எதுக்கு?"

"நீ என்னம்மா பண்ணின?"

பையை மெதுவாக மேசைமேல் வைத்தாள். "எல்லாரும் ஆமென்னாங்க. எனக்கு வாய் வரலடி." பை வாரைச் சுருட்டிக்கொண்டே, "டீச்சரைப் பத்திச் சொன்னப்ப மட்டும் நல்லா வந்துச்சு" என்றாள்.

"உனக்கு ஏதாவது தெரியுமா அவங்களைப் பத்தி?" அம்மாவே தொடர்ந்து கேட்டாள்.

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்மா."

"சொல்லாத" என்றாள் அம்மா. முகம் கழுவப் போனாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 21, சனி

அம்மா டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

வகுப்பு டீச்சருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பாஸ்டரின் மருமகள் எடுக்கிறாள். டீச்சரின் கணவர் இப்போது ஊன்றுகோலோடு, கிளினிக் வாசலில் இருந்து என் மேசை வரைக்கும் தனியாக நடக்கிறார்.

டீச்சர் ஆராதனைக்கு வருகிறார். எங்கள் பெஞ்சில், அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் உட்காருகிறார். எங்களிடம் இருப்பது ஒரே பாட்டுப் புத்தகம். அதை அம்மா பிடித்துக்கொள்கிறாள்.